முள்ளூர் அச்சேறிய ஆண்டு

திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பாறை நிற்கிறது. அதன் தலையில் சின்னஞ்சிறு கோயில். ஊரார் அதைக் கபிலர் குன்று என்கிறார்கள். வள்ளல் பாரி இறந்தபின் அவன் மகளை மலையமானிடம் ஒப்படைத்துவிட்டுச் சங்கப் புலவர் கபிலர் இங்கே தீப்புகுந்தார் என்று பக்கத்து வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் இந்த வட்டாரம் அன்று மலையமான் திருமுடிக்காரியின் நாடு. அவன் மலையின் பெயர் முள்ளூர்.

கபிலர் அந்த முள்ளூரை ஒரு காதல் பாட்டுக்குள் வைத்தார். குறுந்தொகையில் அது 312-ஆம் பாட்டு. காதலன் பேசுகிறான். என்னவள் இரண்டு வேடம் தெரிந்தவள் என்கிறான். நடுச்சாமத்தில் மலையனின் முள்ளூர்க் காடு மணப்பதுபோல் மணந்துகொண்டு என்னிடம் வருகிறாள். விடியற்காலையில் கூந்தலின் பூக்களை உதிர்த்து, எண்ணெய் தடவி, முகத்தை மாற்றிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தன் வீட்டாரின் பெண்ணாகிவிடுகிறாள். எட்டே அடிகள்தான். எழுத்தெண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ 120. ஆனால் அந்தக் காட்டு மணம் இன்றும் மூக்கில் ஏறுகிறது.

இந்த 120 எழுத்துகள் முதன்முதலாக அச்சில் வந்தது 1915-இல். திருக்கண்ணபுரத்தைச் சேர்ந்த சௌரிப்பெருமாள் அரங்கன் குறுந்தொகையை அந்த ஆண்டு பதிப்பித்தார். வியப்பு இதோடு முடியவில்லை. அதே 1915-இல் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயரின் உரையோடு நற்றிணையும் வெளிவந்தது. அதன் 170-ஆம் பாட்டிலும் முள்ளூர் இருக்கிறது. மலையனின் ஒரு வேலுக்கு முன்னால் ஆரியர் கூட்டம் முள்ளூரில் சிதறி ஓடியது என்று அந்தப் பாட்டு உவமை சொல்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு ஓலையிலேயே கிடந்த இந்த இரண்டு முள்ளூர்ப் பாட்டுகளும் ஒரே ஆண்டில் இரண்டு புத்தகங்களில் அச்சேறின.

எப்படி இத்தனை காலம் தாங்கியது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், பாட்டு என்பது எவ்வளவு நுட்பமான பொறி என்று தெரியவரும்.

முதலில் ஓலையைப் பார்ப்போம். பனை ஓலையை வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள். ஒரு ஏடு பள்ளிக்கூட ஸ்கேலை விடக் கொஞ்சம் நீளம், இரண்டு விரல் அகலம். எழுத்தாணியால் கீறினால் எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் மேலே பூசித் துடைப்பார்கள். கீறலுக்குள் மட்டும் மை தங்கி எழுத்து மேலெழும். பிறகு துளையில் கயிற்றைக் கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் அது சுவடி. ஆனால் நம் ஊர் வெயிலும் ஈரமும் இராமபாணப் பூச்சியும் கரையானும் அதற்குத் தரும் ஆயுள் சில நூறு ஆண்டுகள்தான். அதற்குள் யாராவது உட்கார்ந்து புதிய ஓலையில் பார்த்து எழுத வேண்டும். எழுத ஆளில்லாத நூல் அந்தத் தலைமுறையோடு போயிற்று.

ஒரு கணக்குப் போடலாம். 200 ஆண்டுக்கு ஒருமுறை படியெடுத்தார்கள் என்று வைத்துக்கொண்டால்கூட, கபிலர் காலத்திலிருந்து அச்சு வரைக்கும் ஏறத்தாழ பத்துப் படிகள். படியெடுப்பவர் நூறு எழுத்துக்கு ஓர் எழுத்து மட்டும் தவறுவார் என்று கொள்வோம். மிகக் கவனமானவர்தான். ஆனாலும் பத்தாவது கை எழுதி முடிக்கும்போது 120 எழுத்துப் பாட்டில் பத்துப் பன்னிரண்டு எழுத்து மாறியிருக்கும். குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து காதில் சேதி சொல்லி விளையாடுவார்களே, அந்தக் கதைதான். கடைசிக் குழந்தை சொல்வது முதல் குழந்தை சொன்னதாக இருக்காது. முள்ளூர் எப்போதோ முன்னூர் ஆகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை. காரணம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கடையில் பணம் செலுத்த நாம் போனைக் காட்டும் கியூஆர் கோடு அட்டையைக் கவனித்திருப்பீர்கள். மூலை கிழிந்திருக்கும், டீ சிந்தியிருக்கும். அப்படியும் போன் அதைப் படித்துவிடும். சிலவகைக் கியூஆர் கட்டங்களில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு அழிந்தாலும் சேதி மீளும். வேண்டிய சேதியோடு கூடுதலாகச் சில சரிபார்ப்புக் குறிகளையும் உள்ளே பின்னி வைத்திருக்கிறார்கள். மிச்சமிருப்பதை வைத்து அழிந்ததை ஊகிக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பிழைதிருத்தக் குறியீடு என்று பெயர். கபிலரின் எட்டு அடிகளைத் திறந்து பார்த்தால் இதே வேலைப்பாடு அங்கே இருக்கிறது.

அடிதோறும் இரண்டாவது எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடியில் ர, இரண்டாம் அடியில் ர. மூன்றாம் அடியில் ள், நான்காம் அடியில் ள். ஐந்தில் ந், ஆறில் ந். ஏழில் ம, எட்டில் ம. நான்கு இணைகள், ஒன்றுகூடப் பிசகவில்லை. பள்ளியில் எதுகை என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான் இது. அலங்காரம் என்று நினைத்திருந்தோம். இங்கே அது காவல் வேலையும் பார்க்கிறது. முள்ளூர் என்ற சொல் மூன்றாம் அடியின் தலையில் நிற்கிறது. தூக்கக் கலக்கத்தில் ஒருவர் அதை முன்னூர் என்று எழுதிவிட்டால், அடுத்த அடியின் இரண்டாம் எழுத்தான ள் அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். ஓசை தட்டும். காது தெரிந்தவர் நிமிர்ந்து பார்ப்பார். முள்ளூருக்கு இரண்டாயிரம் ஆண்டு காவல் நின்றது அந்த ஒரு ள்.

இன்னொரு காவலும் உண்டு. இந்தப் பாட்டின் அடிகளுக்குத் தலா நான்கு சீர். கடைசிக்கு முந்திய அடிக்கு மட்டும் மூன்று சீர். நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம் அது. ஓலையில் அடிக்கு ஒரு வரி என்று மடக்கி எழுதும் வழக்கம் இல்லை. இடம் வீணாகாமல் ஒரே ஓட்டமாக எழுதிக்கொண்டே போவார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. அப்படிப்பட்ட எழுத்துக் காட்டில் பாட்டு எங்கே முடிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு நான்காக எண்ணிக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் மூன்று வந்தால், இன்னும் ஒரே ஒரு அடிதான் பாக்கி. பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் நடத்துநர் விசில் கொடுப்பதுபோல் பாட்டே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தவர் யாரென்று பெயர் இல்லை. எனக்குத் தெரிந்த பொறியியல் திறமைகளில் இதை மிக உயரத்தில் வைப்பேன்.

இன்னொரு கருவி திருக்கோவிலூரோடு ஒட்டிப் பிறந்தது. மழை பெய்த ஓர் இரவில் பொய்கை, பூதம், பேய் என்ற மூன்று ஆழ்வார்களும் இந்த ஊரில் ஓர் இடைகழியில் ஒதுங்கினார்கள் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவு இடம். அங்கே பிறந்ததாகச் சொல்லப்படும் மூன்று நூல்களும் நூறு நூறு வெண்பாவில் அமைந்த அந்தாதிகள். ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். சுவடியின் ஓரத்தில் ஏட்டெண் போடும் வழக்கம் உண்டு. ஆனால் முதலில் ஒடிவது ஓரம்தான். கயிறு அறுந்து ஏடுகள் சிதறினாலும் அந்தாதி நூலை மறுபடி வரிசைப்படுத்திவிடலாம். ரயில் பெட்டிகளைக் கொக்கியில் மாட்டுவதுபோல் முடிவையும் தொடக்கத்தையும் பொருத்திக்கொண்டே போனால் போதும்.

தொகுத்தவர்களும் சளைத்தவர்கள் அல்லர். காதல் பாட்டுகளை நீளம் பார்த்து அடுக்கினார்கள். 4 முதல் 8 அடி வரை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு. அகநானூற்றின் எண்களில் இன்னொரு நுட்பத்தை ஒளித்தார்கள். ஒற்றைப்படை எண் என்றால் பாலைத்திணை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி; 4 என்றால் முல்லை; 6 என்றால் மருதம்; பத்துப் பத்தாக வருவது நெய்தல். எண்ணைச் சொன்னால் நிலம் தெரியும். நம் அஞ்சல் பின்கோடு வேலை செய்வதும் இப்படித்தான். நெய்தல் எண்ணில் மலைப்பாட்டு ஒன்று உட்கார்ந்திருந்தால் ஏடு மாறியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

இத்தனை பாதுகாப்பு இருந்தும் 1915-இன் பதிப்பாசிரியர்களுக்கு வேலை சுலபமாக இல்லை. ஓலை எழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். எரி என்று எழுதியிருந்தால் அது நெருப்பாகவும் இருக்கலாம், நீர் நிறைந்த ஏரியாகவும் இருக்கலாம்! இந்தக் குழப்பத்தைத் தீர்த்த பெருமை 18-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் வாழ்ந்த இத்தாலியரான வீரமாமுனிவருக்கு. ஆனால் பழைய ஏடுகள் அவருக்குப் பிறகும் பழைய வழக்கத்திலேயே படியெடுக்கப்பட்டன.

ஒரே ஒரு இடத்தை நெருங்கிப் பாருங்கள். ஒரு கொம்பு, ஒரு பகரம், ஒரு கால். மூன்றே வடிவங்கள். ஆனால் காலும் ரகரமும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும், கொம்பில் குறில் நெடில் வேறுபாடு இல்லை, புள்ளியும் இல்லை. எனவே இதைப் பெர, பெர், பேர, பேர், பொ, போ என்று ஆறு விதமாகப் படிக்கலாம். இப்படிப்பட்ட இடங்கள் வரிக்கு வரி வந்துகொண்டேயிருக்கும். ஐந்தாறு இடங்கள் சேர்ந்தாலே வாய்ப்புகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். பொருளும் ஓசையும் திணையும் பழைய உரைகளும் சேர்ந்து அவற்றில் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் கழிக்க வேண்டும். குறுந்தொகைக்குப் பேராசிரியர் 380 பாட்டுக்கு எழுதிய உரையும், மீதி 20-க்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையும் கிடைக்கவே இல்லை. துணையில்லாமல் இருட்டில் நடந்தார்கள். பின்னத்தூரார் 1914-இல் காலமானார். தன் நற்றிணை புத்தகமாக உலவியதை அவர் பார்க்கவில்லை.

அதே 1915-இல் உலகின் மற்ற ஊர்களில் என்ன கவிதை அச்சாகிக்கொண்டிருந்தது? ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. முந்திய செப்டம்பரில்தான் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டிருந்தது.

லண்டனில் ஏப்ரல் மாதம் எஸ்ரா பவுண்ட் ஒரு மெல்லிய புத்தகம் போட்டார். பெயர் கத்தாய். பழைய சீனக் கவிதைகளின் ஆங்கில வடிவம். பவுண்டுக்குச் சீனம் தெரியாது. எர்னஸ்ட் ஃபெனலோசா என்ற அமெரிக்க அறிஞர் ஜப்பானில் ஆசிரியர்களிடம் சொல்லுக்குச் சொல் கேட்டு எழுதிவைத்த குறிப்பேடுகளே அவருக்கு மூலம். ஃபெனலோசா 1908-இலேயே இறந்துவிட்டார். அவர் மனைவி ஏடுகளைப் பவுண்டிடம் கொடுத்தார். அதனால் சீனத்தின் பெருங்கவி லி பாய் அந்தப் புத்தகத்தில் ரிஹாகு என்று ஜப்பானியப் பெயரோடு நிற்கிறார். அதில் மிகவும் புகழ்பெற்ற பாட்டு, ஆற்று வழியே வணிகம் போன கணவனை எண்ணி ஓர் இளம்பெண் எழுதும் கடிதம். பொருள் தேடிப் போனவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணைக் குறுந்தொகைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தவே வேண்டாம். ஒரே ஆண்டில் இரண்டு பழைய மொழிகளின் காத்திருக்கும் பெண்கள் அச்சுக்கு வந்திருக்கிறார்கள். கத்தாயும் நற்றிணையும் பாடுபட்டவர் மறைந்தபின் அவர் விட்டுச்சென்ற தாளிலிருந்தும் ஏட்டிலிருந்தும் வந்தவை என்பது மனத்தைத் தொடுகிறது.

லிஸ்பனில் மார்ச் மாதம் ஓர்ஃபியூ என்ற இதழ் வந்தது. இரண்டே இதழ்களோடு நின்றுபோனது. ஆனால் போர்த்துகீசியக் கவிதை அதன்பின் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அதை நடத்தியவர்களில் ஒருவர் ஃபெர்னாண்டோ பெசோவா. அவர் ஒரே ஆள், பல கவிஞர்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி வாழ்க்கை, தனி நடை கொடுத்திருந்தார். குறுந்தொகையின் சில பாட்டுகளில் நேர் எதிர். பாட்டு மிஞ்சியது, பாடியவர் பெயர் தொலைந்தது. எனவே பாட்டில் வரும் அழகான தொடரையே அவருக்குப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயல்நீரார் அப்படிப் பெயர் பெற்றவர்தான். தான் படைத்த உவமையே பெயராகி நிற்கும் கவிஞர்கள் உலகில் வேறெங்கே இத்தனை பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

ரஷ்யாவில் மாயகோவ்ஸ்கியின் 'கால்சட்டை அணிந்த மேகம்' வெளிவந்தது. தணிக்கை அதிகாரி வெட்டிய இடங்களில் வரிவரியாகப் புள்ளிகளை மட்டும் அச்சிட்டார்கள். தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் ஏட்டில் இல்லாத புள்ளியை இட்டு இட்டு ஒரு சொல்லை மீட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே சொல்லைப் பறித்துக்கொண்டு அதன் இடத்தில் புள்ளி வைத்தார்கள். புள்ளி ஒன்றுதான்.

காசியின் நெசவாளி கபீர் பாடிய பாட்டுகளில் நூறும் அந்த ஆண்டு மேக்மில்லன் வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தன. க்ஷிதிமோகன் சேன் திரட்டி வங்காளத்தில் தந்ததிலிருந்து, ஈவ்லின் அண்டர்ஹில் துணையோடு தாகூர் மொழிபெயர்த்தார். நமக்குப் பக்கத்தில், கள்ளக்குறிச்சியிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில், புதுச்சேரியில் பாரதி தலைமறைவு வாழ்க்கையின் ஏழாவது ஆண்டில் இருந்தார்.

சிகாகோவில் ஜூன் மாதம் போயட்ரி என்ற இதழில் ஒரு புதியவரின் கவிதை வந்தது. புரூஃபிராக் என்பவனின் காதல் பாட்டு, எழுதியவர் டி.எஸ். எலியட். ஆங்கிலப் புதுக்கவிதையின் தலைவாசல் என்று அதைச் சொல்வார்கள். சிகாகோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வெளிநாட்டு ஊர்களின் கவிஞர்களுக்குக் குறுந்தொகை வந்த செய்தி தெரிந்திருக்க வழியில்லை. 1937-இல் உ.வே. சாமிநாதையர் இன்னும் பல சுவடிகளை ஒப்பிட்டுக் குறுந்தொகையைத் தன் உரையோடு மறுபடி பதிப்பித்தார். 25 ஆண்டு கழித்து, 1962-இல், மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறைக்குள் ஒரு சனிக்கிழமை இறங்கினார். பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப் போனவர் கையில் 1937-இல் சாமிநாதையர் பதிப்பித்த அந்தத் தொகைநூல் அகப்பட்டது. 1967-இல் அவருடைய ஆங்கிலக் குறுந்தொகைத் தேர்வு புத்தகமானது. எலியட் அச்சேறிய அதே நகரத்திலிருந்து, 52 ஆண்டு கழித்து, தமிழ்க் காதல் ஆங்கிலத்தில் புறப்பட்டது. இந்த நூற்றாண்டில் ஈவா வில்டன் என்ற ஜெர்மானிய அறிஞர் எஞ்சிய சுவடிகளையெல்லாம் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு நற்றிணையை 2008-இலும் குறுந்தொகையை 2010-இலும் ஆங்கில மொழிபெயர்ப்போடு செம்பதிப்பாக்கினார். எந்தச் சுவடியில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று இப்போது பக்கத்தின் அடியிலேயே பார்க்கலாம்.

கபிலருக்கு இது புதிதாகத் தோன்றியிருக்காது. வடநாட்டு அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் இன்னதென்று அறிவிக்கவே அவர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்று அந்நூலின் பழைய குறிப்பு சொல்கிறது. வேற்று மொழிக்காரருக்கு நம் கவிதையைக் கொண்டுசேர்க்கும் வேலை அவரிடமே தொடங்கியிருக்கிறது.

பாட்டு சொல்லும் ஆட்கள் உண்மையில் இருந்தார்களா என்று ஐயப்படுவோருக்குத் திருக்கோவிலூர்ப் பக்கத்திலேயே விடை இருக்கிறது. 1981-இல் சம்பை என்ற ஊரின் குன்றுக் குகையில் ஒரு தமிழ் பிராமி எழுத்து கண்டெடுக்கப்பட்டது. அந்த உறைவிடத்தைக் கொடுத்தவன் அதியன் நெடுமான் அஞ்சி என்று அது பெயர் சொல்லுகிறது. காரியின் கோவலூரை, அதாவது இந்தத் திருக்கோவிலூரை, வென்றவன் என்று புலவர்கள் பாடிய அதே அதியமான். ஓலைக்காரர்கள் பத்துமுறை பார்த்தெழுதிய பெயரும் கல்லில் ஒரே முறை வெட்டிய பெயரும் ஒத்துப்போகின்றன.

எல்லாமே மீண்டுவிடவில்லை. நற்றிணையின் 400 பாட்டில் 234-ஆம் பாட்டு 1915-இலும் கிடைக்கவில்லை, சுவடிகளில் இன்றுவரை கிடைக்கவில்லை. 385-ஆம் பாட்டு பாதியில் அறுந்து நிற்கிறது. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கம் எத்தனை சுவடிகளைக் கொண்டுபோனது என்பதற்குக் கணக்கே இல்லை. தென்பெண்ணைக் கரையிலோ கோமுகிக் கரையிலோ கல்வராயன் மலை அடிவாரத்து வீட்டுப் பரணிலோ கயிறு கட்டிய ஓலைக்கட்டு ஒன்று உங்களிடம் இருந்தால் அதை எடுத்து எரித்துவிடாதீர்கள், ஆற்றில் விடாதீர்கள். சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1869-இலிருந்து இருக்கிறது; பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள்.